பிரஷ் கட்டர் இன்ஜினை மாதிரி விமானத்துக்கு மாற்றியது

பெரியப்பாவின் தோப்பு பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை போகும் வழியில் இருக்கிறது. தென்னைக்கு அடியில் மண்டும் புல்லை வெட்டுவதற்காக அவர் வாங்கிய பிரஷ் கட்டரின் நீண்ட குழாய் கல்லில் மாட்டி வளைந்து, முனையிலிருந்த பல்சக்கரப் பெட்டியும் உடைந்து, அந்த இயந்திரம் இரண்டு ஆண்டுகளாகச் சாளையின் மூலையில் சாய்ந்து கிடந்தது. நான் அதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, "வேணும்னா எடுத்துட்டுப் போ கண்ணு, இஞ்சினு நல்லாத்தான் இருக்குது" என்றார். கயிற்றை இழுத்துப் பார்த்தேன். அழுத்தம் கையில் தெரிந்தது. அன்று மாலையே அதைக் கோவைக்குக் கொண்டுவந்து விட்டேன்.

இன்ஜின் உறையில் 1ஈ34எஃப் என்று பொறித்திருந்தது. சீனத்தில் தயாராகும் இந்த வகைச் சிறு இன்ஜின்களுக்கு இப்படிப் பெயரிடுவது வழக்கம்: முதல் எண் சிலிண்டர்களின் எண்ணிக்கை, ஈ என்பது டூ ஸ்ட்ரோக், 34 என்பது சிலிண்டரின் உள்விட்டம் மில்லிமீட்டரில், எஃப் என்பது காற்றால் குளிர்வது. பிஸ்டன் நகரும் தூரம் 28 மி.மீ.; கணக்கிட்டால் 25.4 சி.சி. வரும். என்னிடம் பாதி முடிந்த நிலையில் இருந்த, ரிமோட்டால் பறக்கும், பைப்பர் ஜே-3 கப் விமானத்தின் நான்கில் ஒரு பங்கு அளவு மாதிரிக்கு ஏறத்தாழ இந்த அளவு இன்ஜின்தான் தேவைப்பட்டது. உண்மையான கப் விமானத்தின் சிறகு 10.74 மீட்டர், என்னுடையது 2.69 மீட்டர்.

மின்மோட்டார் போட்டிருக்கலாமே என்று நண்பர்கள் கேட்டார்கள். இந்த அளவு விமானத்துக்கு வேண்டிய பேட்டரிகள் விலை மிகுந்தவை. வயலோரத்தில் அவற்றை மறுபடி சார்ஜ் செய்வதும் எளிதன்று. மாதிரி விமானங்களுக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் குளோ இன்ஜின்கள் மெத்தனாலில் ஓடுபவை, தமிழ்நாட்டில் மெத்தனாலை வாங்குவதற்கும் வைத்திருப்பதற்கும் உரிமம் வேண்டும். அந்தக் கட்டுப்பாடு எதற்காக என்பதைக் கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் நடந்ததைப் பார்த்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மாதிரி விமானத்துக்கென்றே செய்யப்படும் பெட்ரோல் இன்ஜின்கள் அருமையானவை. ஆனால் இறக்குமதியான ஒன்றின் விலைக்கு ஒரு முழு பிரஷ் கட்டரே வாங்கி மீதியும் வைக்கலாம். பெட்ரோலோ எந்தச் சந்திப்பிலும் கிடைக்கிறது.

இந்த மாற்றம் புதியதன்று. அமெரிக்காவில் ரியோபி, ஹோம்லைட் ஆகியவற்றின் புல்வெட்டி இன்ஜின்களைப் பல்லாண்டுகளாக மாதிரி விமானக்காரர்கள் பிரித்து மாற்றிவந்திருக்கிறார்கள். தோட்டக் கருவிகளுக்கு இன்ஜின் செய்த ஜப்பானின் செனோவா நிறுவனம், அதே மரபில் மாதிரி விமானங்களுக்கும் இன்ஜின்களைச் செய்து விற்றது. கையில் பிடித்து எந்தக் கோணத்திலும் சாய்த்து வேலை செய்ய வேண்டிய கருவிக்காகப் பிறந்தது என்பதால், இந்த இன்ஜின் தலைகீழாகவும் ஓடும். அதுதான் விமானத்துக்கும் வேண்டியது.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. கார்புரேட்டரின் உள்ளே டயாபிரம் என்னும் மெல்லிய சவ்வு இருந்தால்தான் இந்தக் குணம் உண்டு. நம் ஊரில் விற்கும் பிரஷ் கட்டர்களிலும், குறிப்பாக முதுகில் மாட்டும் மருந்து தெளிப்பான்களிலும், அடியில் கிண்ணத்துடன், பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவை வைத்த கார்புரேட்டர்கள் நிறைய வருகின்றன. விமானம் சாய்ந்ததும் மிதவை தன் வேலையை மறந்துவிடும். வாங்குவதற்கு முன் கிண்ணம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் கார்புரேட்டரை மாற்றும் செலவையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். எனக்குக் கிடைத்தது டயாபிரம் வகையாகவும், பெட்ரோல் அளவைச் சரிசெய்யச் சிறு வேகத்துக்கு ஒன்று பெரு வேகத்துக்கு ஒன்று என இரண்டு ஊசித் திருகுகள் உள்ளதாகவும் இருந்தது என் நல்வாய்ப்பு.

மேசையில் வைத்துப் பிரிக்கத் தொடங்கியபோது எனக்கு ஒன்று புரிந்தது. கழற்றி எறியலாம் என்று நாம் நினைக்கும் ஒவ்வோர் உறுப்பும் இந்த இன்ஜினுக்காக ஏதோ ஒரு வேலையைச் செய்துகொண்டிருந்தது. உறுப்பைக் கழற்றிவிடலாம், அது செய்துவந்த வேலையைக் கழற்ற முடியாது; அந்த வேலையை வேறொன்றிடம் ஒப்படைத்தாக வேண்டும். பிளாஸ்டிக் மூடியும், ஃப்ளைவீல் என்னும் கனத்த சுழல்சக்கரத்தின் விசிறித் துடுப்புகளும் சிலிண்டருக்குக் காற்று ஊதிக்கொண்டிருந்தன. கிளட்ச், இன்ஜின் மெதுவாக ஓடும்போது சுமையை அவிழ்த்துவிட்டது. கயிறு இழுக்கும் ஸ்டார்ட்டர், தீப்பொறி வரப் போதுமான வேகத்தைக் கொடுத்தது. காற்று வடிகட்டி தூசியைத் தடுத்தது. பிறகு வந்த தொல்லைகள் அனைத்துமே, இவற்றுள் ஏதோ ஒன்றின் வேலையை நான் யாரிடமும் ஒப்படைக்காமல் விட்டதால் வந்தவைதான்.

குழாயைக் கோத்திருந்த கிளட்ச் கூடு, பெட்ரோல் டேங்க், மூடி, ஸ்டார்ட்டர் எல்லாம் சேர்ந்திருந்தபோது எடை 2 கிலோ 900 கிராம். கிளட்ச் நேராக ஃப்ளைவீலின் மேல் போல்ட்டால் பொருத்தப்பட்டிருந்தது. அதை எடுத்ததும் அந்தப் பக்கமே புரொப்பெல்லர் போகும் பக்கம் என்பது உறுதியாயிற்று. இதில் சுழலும் திசையைக் கவனிக்க வேண்டும். விமானத்துக்கு முன்னால் நின்று பார்க்கும்போது வழக்கமான புரொப்பெல்லர் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுழல வேண்டும். கிளட்ச் பக்கத்திலிருந்து பார்த்தபோது என் இன்ஜினும் அப்படித்தான் சுழன்றது. ஸ்டார்ட்டர் இருந்த மறுமுனையில் பொருத்துவதாக இருந்தால் திசை தலைகீழாகிவிடும். அப்போது பின்னாலிருந்து தள்ளும் விமானங்களுக்கான எதிர்த்திசைப் புரொப்பெல்லரை வாங்க வேண்டியிருக்கும்.

ஃப்ளைவீலைக் கணபதியில் உள்ள ஒரு லேத் பட்டறைக்கு எடுத்துப்போனேன். அங்கிருக்கும் அண்ணன் பம்ப் செட் ஷாஃப்ட்டுகளைக் கடைவதில் முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவர். ஃப்ளைவீலைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தவர், "துடுப்பை எடுத்துத் தரனுங்க தம்பி. காந்தத்துப் பக்கம் மட்டும் உளி வைக்க மாட்டனுங்க, அது கழண்டு பறந்தா ஆளைக் கொன்னுபோடும்" என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. அலுமினிய வார்ப்புக்குள் பதிந்திருக்கும் காந்தத்தைச் சுற்றியுள்ள உலோகம்தான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நிமிடத்துக்கு 6,000 சுற்றுக்கு மேல் ஓடும்போது அந்த இடம் மெலிந்திருக்கக் கூடாது. துடுப்புகளை மட்டும் கடைந்து, காந்தத்துக்கு எதிரே இருந்த சமன் எடையை அப்படியே விட்டார். 410 கிராம் இருந்தது 290 கிராமாகக் குறைந்தது. இன்னும் குறைத்திருக்கலாம், ஆனால் ஃப்ளைவீலின் பாரம்தான் மெதுவாக ஓடும்போது இன்ஜினை நின்றுவிடாமல் காக்கிறது; அது மிக இலேசானால் கையால் சுழற்றும்போது பின்னோக்கி உதைப்பதும் கூடும். எடையைக் குறைக்கும் ஆசைக்கு இந்த உறுப்பில் நான் ஓர் எல்லை வைத்துக்கொண்டேன்.

அடுத்தது புரொப்பெல்லரைத் தாங்கும் ஹப். மொத்த வேலையில் மிக அதிக நேரம் இதற்குத்தான் போயிற்று, அப்படிப் போகவும் வேண்டும். 50 மி.மீ. விட்டமுள்ள அலுமினியத் துண்டைக் கடைந்து, கிராங்க் ஷாஃப்ட்டின் சரிவு முனையில் உட்காருமாறு உள்பக்கத்தைச் சரித்து, முகத்தில் நான்கு 5 மி.மீ. போல்ட்டுகளுக்குத் துளையிட்டுச் செய்தோம். முதலில் செய்ததை இன்ஜினில் மாட்டி, நுண்ணிய ஆட்டத்தையும் அளக்கும் டயல் கேஜ் வைத்துச் சுற்றியபோது முகத்தின் விளிம்பில் 0.2 மி.மீ. ஆட்டம் காட்டியது. கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும். ஆனால் 50 மி.மீ. முகத்தில் 0.2 மி.மீ. என்றால், 18 அங்குலப் புரொப்பெல்லரின் இரு நுனிகளுக்கும் இடையே ஏறக்குறைய 1.8 மி.மீ. வேறுபாடு வரும், அந்த ஆட்டம் ஒவ்வொரு சுற்றிலும் பேரிங்கையும், இன்ஜினைத் தாங்கும் விமானத்தின் முன்பலகையையும் அடித்துக்கொண்டே இருக்கும். உள்சரிவைக் கடைந்த பிறகு துண்டைத் திருப்பி மாட்டி முகத்தைக் கடைந்ததுதான் தவறு. அண்ணன் கிராங்க் ஷாஃப்ட்டின் அதே சரிவுள்ள ஓர் இரும்புத் தண்டைக் கடைந்து, அதை லேத்திலிருந்து கழற்றாமலேயே அதன்மேல் ஹப்பை ஏற்றி முகத்தைக் கடைந்து கொடுத்தார். இப்போது ஆட்டம் 0.03 மி.மீ. இப்படி ஒரு பட்டறை கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் இருந்திருந்தால் இந்த வேலையில் நான் இறங்கியே இருக்க மாட்டேன்.

பிரஷ் கட்டரில் கிராங்க் ஷாஃப்ட்டை முன்னோக்கி இழுக்கும் விசை எதுவும் கிடையாது. புரொப்பெல்லரோ எப்போதும் இழுத்துக்கொண்டிருக்கும். சாதாரண பால் பேரிங்குகள் ஓரளவு இந்த இழுவையையும் தாங்கக்கூடியவை. நான்கைந்து கிலோ இழுவை அவற்றுக்குப் பெரிய பாரமன்று என்பதால் பேரிங்கை மாற்றவில்லை. அதைவிடக் கொடியது, தரையில் புரொப்பெல்லர் இடித்துக் கிராங்க் ஷாஃப்ட் வளைவது. எப்போதாவது இடித்தால், டயல் கேஜ் வைத்துப் பார்க்காமல் மறுபடி ஓட்டுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

தீப்பொறி அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டேன். ஃப்ளைவீலின் காந்தத்துக்கும், தீப்பொறிக்கான மின்சாரத்தைத் தரும் காயிலுக்கும் இடையே 0.3 மி.மீ. இடைவெளி வேண்டும், இடையில் விசிட்டிங் கார்டு ஒன்றைச் செருகி, காந்தத்தின் இழுப்பிலேயே காயில் ஒட்டிக்கொள்ளும்போது போல்ட்டை இறுக்கினால் போதும். பேட்டரி தேவைப்படாதது இந்த அமைப்பின் சிறப்பு. தீப்பொறி எழும் நேரம் மாறாமல் முன்கூட்டியே நிலைத்திருப்பது இதன் குறை; கை தயங்கிச் சுழற்றினால் பிஸ்டன் மேலே வந்து முடிவதற்குள் வெடித்துப் பின்னோக்கி உதைக்கும். தடித்த தோல் கையுறை இல்லாமல் இதைத் தொடவே கூடாது. ஒருமுறை மெல்லிய துணிக் கையுறையுடன் சுழற்றி, ஆள்காட்டி விரலில் ஒரு வாரம் கட்டுப்போட்டிருந்தேன்.

காயிலிலிருந்து வரும் நிறுத்தும் கம்பியை இன்ஜின் உடலுடன் தொடச் செய்தால் தீப்பொறி நிற்கும். அதை ஒரு சிறு சுவிட்சுக்குக் கொண்டுசென்று, ரிமோட்டின் தனி அலைவரிசையில் இயங்கும் சர்வோ மோட்டாரால் அழுத்துமாறு செய்தேன். ரிமோட்டின் தொடர்பு அறுந்தாலும் சர்வோ அந்த நிலைக்கே போகுமாறு அமைத்திருக்கிறேன். பெட்ரோல் இன்ஜினில், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை மூடுவதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. தீப்பொறியின் மின் இரைச்சல், ரிமோட்டின் கட்டளையை விமானத்தில் வாங்கும் ரிசீவரைக் குழப்பாமல் இருக்க, தடை உள்ளடங்கிய என்ஜிகே பிபிஎம்ஆர்7ஏ பிளக் போட்டு, ரிசீவரை இன்ஜினிலிருந்து 40 செ.மீ. தள்ளி வைத்து, கார்புரேட்டருக்குப் போகும் த்ராட்டில் தண்டை நைலானில் அமைத்தேன். இரும்புக் கம்பி இரும்பு நெம்புகோலில் உரசினாலே இரைச்சல் பிறக்கும்.

பெட்ரோல் பற்றி ஒரு சொல். குளோ எரிபொருளுக்குப் பயன்படும் சிலிக்கான் குழாய் பெட்ரோலில் ஊறிக் கெட்டுவிடும். டேங்கின் உள்ளேயும் வெளியேயும், அடைப்பான் உட்பட, பெட்ரோல் தாங்கும் வகையே வேண்டும். இப்போது நம் பங்க்குகளில் வருவது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், டயாபிரத்தை விறைக்கச் செய்யும், கலவையையும் சற்று மெலிதாக்கும், அதாவது காற்றின் அளவுக்கு எரிபொருள் போதாமல் போகும். அதனால் ஊசிகளைச் சிறிது கூடுதலாகத் திறக்க வேண்டியிருக்கிறது; பறந்து முடித்ததும் டேங்கைக் காலி செய்து, கார்புரேட்டரில் உள்ளது தீரும்வரை இன்ஜினை ஓட்டி நிறுத்துகிறேன். டூ ஸ்ட்ரோக் எண்ணெய் 32 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு.

மொட்டை மாடியில் மரச்சட்டத்தில் பூட்டி முதலில் ஓட்டினேன். இரண்டு ஊசிகளையும் முழுக்க மூடி, ஒன்றரைச் சுற்றுத் திறந்து தொடங்கினேன். சூடேறியதும் சிறு வேக ஊசியால் மெதுவான ஓட்டத்தையும், அங்கிருந்து தயங்காமல் ஏறுவதையும் சரிசெய்துவிட்டு, பெரு வேக ஊசியை மெல்ல மூடி உச்ச வேகத்தைத் தொட்டு, அங்கிருந்து 200, 300 சுற்றுக் குறையும்வரை திறந்து வைத்தேன். டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு எண்ணெய் பெட்ரோலோடுதான் வருகிறது என்பதால், கலவையை மெலிதாக்கிப் பெறும் கடைசி 200 சுற்றுகளுக்காகப் பிஸ்டனைப் பணயம் வைப்பது எனக்கு உடன்பாடில்லை. 18-க்கு 6 (விட்டம் 18 அங்குலம், முறுக்கேற்றம் 6 அங்குலம்) மரப் புரொப்பெல்லருடன் நிமிடத்துக்கு 6,200 சுற்று ஓடி, தராசில் 4.5 கிலோ இழுத்தது. குறைந்த வேகம் 1,900 சுற்று. கிளட்ச் இல்லாததால் இறங்கும்போது இதற்கு மேல் போனால் விமானம் தரையைத் தொட மறுத்து மிதந்துகொண்டே போகும். மாற்றிச் செய்த சைலன்சரும் ஹப்பும் சேர்த்து இன்ஜினின் எடை 1 கிலோ 620 கிராம்.

விமானத்தில் பொருத்தியபோது முன்பகுதி கனத்தது. ரிசீவர் பேட்டரியை வால்பக்கம் நகர்த்தி, 400 மி.மீ. அகலச் சிறகில் முன்விளிம்பிலிருந்து 115 மி.மீ.இல் சமநிலை வருமாறு செய்தேன். மொத்த எடை 7.2 கிலோ. 2021ஆம் ஆண்டு டிரோன் விதிகளில், 25 கிலோவுக்கு மிகாமல், பொழுதுபோக்குக்காகக் கண்பார்வைக்குள் பறக்கவிடப்படுவது மாதிரி விமான வகையில் சேரும். கோவையைச் சுற்றிப் பீளமேட்டில் விமான நிலையமும் சூலூரில் விமானப்படைத் தளமும் இருப்பதால், முன் அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலமா என்று வரைபடத்தில் பார்த்த பிறகே இடத்தைத் தேர்ந்தோம். பெரியப்பாவின் தோப்பைத் தாண்டியுள்ள, அறுவடை முடிந்த வயல்தான் அது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆனி, ஆடியில் அங்கே நிற்க விடாது; மாசி மாதக் காலையில் இலை அசையவில்லை.

முப்பது மீட்டர் ஓடுவதற்குள் வால் தூக்கி, அவசரமில்லாமல் எழுந்தது. அந்த இன்ஜின் சத்தம் பெரியப்பாவுக்குப் பழகிய சத்தம். அதைத் தலைக்கு மேலே கேட்டு அவர் அண்ணாந்து நின்றதை நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். முதல் பறப்பு 15 நிமிடம், 120 மி.லி. பெட்ரோல்.

இரண்டாவது பறப்பில் குறை தெரிந்தது. மூக்கைத் தாழ்த்தி வேகமெடுக்கும்போதெல்லாம் இன்ஜின் கனத்த, அதாவது பெட்ரோல் மிகுந்த, கலவையில் திணறியது. தரையில் எவ்வளவு ஓட்டியும் அந்தத் திணறல் வரவில்லை. இரண்டு வாரம் ஊசிகளை மாற்றி மாற்றிப் பார்த்து வீணாக்கினேன். டயாபிரத்தின் வெளிப்பக்கம் காற்றழுத்தத்தை அறிவதற்காக அதன் மூடியில் ஒரு சிறு துளை உண்டு. என் அமைப்பில் அந்தத் துளை, விமானத்தின் மூக்கில் இன்ஜினை மூடும் முன்மூடியின் காற்று வாயை நோக்கியிருந்தது. வேகம் கூடக் கூட, புகும் காற்று டயாபிரத்தை உள்ளே அழுத்திப் பெட்ரோலைக் கூடுதலாகத் திறந்துவிட்டது. பிரஷ் கட்டரில் பிளாஸ்டிக் மூடிகளின் மறைவில் இருந்த துளை அது. துளையின் மேல் சிறு பித்தளைக் குழாயை ஈயப்பற்று வைத்து, மெல்லிய குழாய் மூலம் விமானத்தின் உடலுக்குள், காற்று அசையாத இடத்துக்குக் கொண்டுபோனேன். அன்றோடு திணறல் நின்றது.

முன்மூடியின் குளிர்ச்சியையும் அதே சமயத்தில் திருத்தினேன். காற்று வெளியேறும் வழி, புகும் வழியைப்போல் இரண்டு மடங்குக்குக் குறையாமல் இருக்க வேண்டும். இல்லையெனில் உள்ளே புகுந்த காற்று தேங்கி நிற்கும். அடியில் வெட்டைப் பெரிதாக்கி, சிலிண்டரின் இருபுறமும் பால்சா பலகைகளால் தடுப்பு வைத்து, காற்று துடுப்புகளுக்கிடையே போவதைத் தவிர வேறு வழியில்லாமல் செய்தேன். வடிகட்டியின் இடத்தில் இப்போது நுண்ணிய கம்பி வலை மட்டுமே இருக்கிறது. செம்மண் வயலிலிருந்து எழுவதற்கு அது போதாது என்று படுவதால், ஓடுபாதையின் தொடக்கத்தில் ஒரு தார்ப்பாயை விரித்துக்கொள்கிறோம்.

ஆறு மணி நேரம் ஓடிய பின் சென்ற வாரம் பிரித்துப் பார்த்தேன். கலவை சரி என்பதற்கு அடையாளமாகப் பிளக் இளம்பழுப்பு நிறத்தில் இருந்தது; ஹப்பின் ஆட்டம் அதே 0.03 மி.மீ. கார்புரேட்டரின் டயாபிரம் மட்டும், காய்ந்த இலைபோல் விறைத்துப்போயிருந்தது. புதியதை மாற்றியதும், நான்கு மாதங்களாகச் சிறிது சிறிதாகத் திறந்துகொண்டே வந்த பெரு வேக ஊசியை மீண்டும் ஒன்றரைச் சுற்றுக்கே கொண்டுவர முடிந்தது.